நாக்கைப் பிடித்த மண்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் நீலாவதியின் கை படாத சாமான் இருக்கலாம். அவள் நாக்கு படாத சாமான் கிடையாது.

மெருகு பூசாமல் முதல் சூடு மட்டும் கண்ட மண்ணுக்கு இங்கே பிஸ்கட் என்று பெயர். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கட்டி போல இருக்கும். நாக்கு நுனியில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நாக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் மண்ணின் துளைகள் திறந்திருக்கின்றன என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் சூடு மிஞ்சிவிட்டது, அல்லது எண்ணெயும் அழுக்கும் ஏறித் துளைகள் அடைத்துவிட்டன. இதை அளந்து சொல்ல ஆய்வுக்கூடத்தில் கருவிகள் உண்டு. ஆனாலும் டாக்டர் பட்டம் வாங்கி வந்த நீலாவதி, கருவியிடம் போவதற்கு முன் நாக்கிடம்தான் கேட்பாள்.

அவளுடைய அப்பா பாலகிருஷ்ணன் சூளை போடுகிறவர். நெருப்புக்கு முன்னால் நின்று நின்று தோல் செம்பு நிறமாகிப் போன மனிதர். பீடியை அணைக்காமல் அடுத்த பீடியைப் பற்ற வைப்பார். நீலாவதி பிளஸ் டூ படித்தபோது புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நெஞ்சுக்கூடு மட்டும் தெரிந்தது. மகளைக் கிட்டே கூப்பிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் ஒரே ஒரு பீடி வாங்கி வரச் சொன்னார். அவள் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டாள். திரும்பி உள்ளே வந்தபோது அப்பாவின் கண்கள் கதவையே பார்த்தபடி நிலைத்திருந்தன. அப்பா தன்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு பீடி, தான் கடைசியாகச் சொன்னது ஒரு மறுப்பு என்பதை அந்தப் பெண்ணால் எந்தச் சாமியிடமும் சொல்லி அழ முடியவில்லை.

உள்ளூரிலேயே செராமிக் டிப்ளமோ படித்தாள். சிதம்பரத்தில் வேதியியல், சென்னையில் ஆராய்ச்சி. படித்து முடித்தவளை வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அவளோ விருத்தாசலத்துக்கே திரும்பி வந்து ஒரு சிறிய பீங்கான் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள்.

கொளஞ்சிநாதனை அவள் சந்தித்தது ஒரு பட்டறையில். மாதிரி எடுக்கப் போனவளிடம் அவன்தான் பிஸ்கட் துண்டு ஒன்றை நீட்டினான். வாங்கிய உடனே நாக்கில் வைத்தாள்.

"டெஸ்டு பண்றீங்களா மேடம், இல்ல பசிக்குதா?" என்றான்.

"சரியா புடிக்கல. சூட்ட ஏத்திட்டீங்க."

அவன் அதே துண்டை வாங்கித் தன் நாக்கில் வைத்துப் பார்த்தான். கண் விரிந்தது. "ஆமாங்க. ஏத்திட்டோம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் விழுந்தவள்தான். டாக்டர் பட்டக்காரிக்குச் சூளைக்காரன் புருஷனா என்று ஊர் கேட்டது. அவள் காதில் வாங்கவில்லை. அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கொளஞ்சியப்பர் கோயிலில் தாலி கட்டிய கையோடு அவன் சத்தியம் செய்தான். "இன்னிக்கு ஒரு நாள் போவட்டும் நீலா. சேக்காளிங்க வந்துருக்காங்க. நாளையிலேருந்து பீடியத் தொட மாட்டேன்."

அந்த நாளை வரவில்லை. இனியா பிறந்தாள், வளர்ந்தாள், நர்சிங் படிக்கப் போனாள். கொளஞ்சிநாதன் கூலியாளாக இருந்த பட்டறையையே எடுத்து நடத்தும் அளவுக்கு உயர்ந்தான். பீடியும் கூடவே வந்தது. அப்புறம் இருமல் வந்தது. ஜங்ஷன் ரோட்டில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஆனந்தராஜ் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இப்பவே நிறுத்தினா காப்பாத்திடலாம்மா. இன்னும் ரெண்டு வருஷம் இழுத்தாருன்னா நான் பொறுப்பில்ல."

அந்த எக்ஸ்ரேயில் நீலாவதி பார்த்தது அப்பாவின் நெஞ்சுக்கூட்டை.

பீடியை மறக்கடிக்கும் வில்லை, மாத்திரை, சூயிங்கம் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். "வாய் சும்மா இருக்க மாட்டேங்குது, கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்று கொளஞ்சிநாதன் அலுத்துக்கொண்டான். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். பீடி இழுக்கும்போது கன்னம் எவ்வளவு உள்ளே போகிறது, காற்று எவ்வளவு தடைபட்டு வருகிறது, தொண்டையில் எந்த இடத்தில் அது போய்ப் பிடிக்கிறது என்று ஆராய்ந்தாள். வெள்ளை மண்ணோடு உமித்தூளைக் கலந்து பீடி அளவுக்கு மெல்லிய குழல்களாக உருட்டிச் சுட்டாள். சூளையில் உமி எரிந்து போய், அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக நின்றது. ஓம எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் கலந்து அந்தத் துளைகளில் ஊற வைத்தாள். நெருப்பில்லை, புகையில்லை, புகையிலை இல்லை. இழுத்தால் தொண்டையில் மட்டும் சுருக்கென்று ஒரு பிடி.

வாழ்நாளில் பீடியே தொடாதவள் பீடியின் இழுப்பை எப்படி அளப்பது? புருஷனின் வாய்தான் அவளுக்குக் கருவி.

"காத்த இழுக்கற மாதிரி இருக்குது நீலா. இன்னும் இறுக்கம் வேணும்."

"இது?"

"இது போர் போட்டுத் தண்ணி இழுக்கற மாதிரி இருக்குது. கன்னம் வலிக்குது."

சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இழுத்தார்கள், சிரித்தார்கள், மறுபடி சுட்டார்கள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்ததில்லை. ஒரு நாள் ஒரு குழலை இழுத்துவிட்டு அவன் மறுபடி இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டான். "இதான்" என்றான்.

ஆய்வறிக்கையில் அதன் பெயர் வேறு. ஊர் அதற்கு மண்பீடி என்று பெயர் வைத்தது.

அந்த முதல் குழலோடு கொளஞ்சிநாதன் பீடியை விட்டான். சட்டைப் பையில் குழல்தான் இருந்தது. பட்டறையிலேயே குளித்துவிட்டு, கிராம்பு மணக்க வீட்டுக்கு வந்தான். இருமல்கூடக் குறைந்த மாதிரி தெரிந்தது. நீலாவதி பூஜை அறையில் அப்பாவின் படத்துக்கு முன் நின்று முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். அப்பாவுக்குத் தராத ஒன்றுக்குப் பதிலாக ஒன்றைச் செய்துவிட்டேன் என்று நினைத்தாள்.

டாக்டர் ஆனந்தராஜ் உற்சாகமாகிவிட்டார். பட்டறை ஆட்களிடம் கொடுத்து முறையாகச் சோதிக்கலாம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"ஒரு மெஷின் இருக்குதும்மா. வாயால ஊதினா போதும். பீடி குடிச்சிருக்கானா இல்லியான்னு காட்டிக் குடுத்துடும்."

"சூளைப் பொகையிலயே நிக்கறவங்க சார். பீடியே தொடாதவன் ஊதினாலும் குடிச்சதாத்தான் காட்டும்."

அது சரிதான். விறகும் எண்ணெயும் எரிகிற இடத்தில் நிற்பவனின் மூச்சில் அந்தக் கருவிக்குப் பேதம் தெரியாது. டாக்டர் யோசித்தார். "அப்ப சூளை வேலையில்லாத ஆளுங்களா பாப்போம். பெண்ணாடம் சக்கரை மில்லுல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

"வேணாம் சார். இவங்க என் ஆளுங்க. எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டாங்க."

அறிவியல் படித்தவள் அந்த ஒரு நொடியில் வெறும் மனைவியாகிப் போனாள். குழல்களைக் கொடுப்பதும், வாரா வாரம் விசாரிப்பதும், பழையதை வாங்கிப் புதியதைத் தருவதும் கொளஞ்சிநாதனின் பொறுப்பு. "கண்டவனும் வாய் வச்சத நீ தொடாத. சூளையில போட்டுச் சுட்டுச் சுத்தமாத் தரேன்" என்றான். நெருப்பில் வெந்து வெள்ளையாகத் திரும்பி வந்த குழல்களை அவள் அன்பின் அடையாளமாக எடுத்து அடுக்கி வைத்தாள். ஆட்களில் முக்கால்வாசிப் பேர் பீடியை விட்டுவிட்டதாக விவரம் வந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு கம்பெனி தயாரிக்க முன்வந்தது. கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களில் முதலில் கொடுப்பதாக ஏற்பாடு.

அறிமுக விழாவுக்குக் கல்யாண மண்டபம் பிடித்தார்கள். முதன்முதலில் பீடியை விட்டவர் என்று கொளஞ்சிநாதன் மேடையில் பேச வேண்டும். அவன் பயன்படுத்திய முதல் குழலைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். அவன் அதை மட்டும் சூளையில் போடாமல் வைத்திருந்ததாகச் சொல்லி, காலையில் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குப் போனான்.

நுனி பழுப்பேறி அழகாக இருந்தது. இத்தனை மாதம் என் புருஷனின் உயிரைக் காத்தது இதுதானே என்று நீலாவதி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். துணியால் துடைத்தாள். துடைத்த கையோடு, மண் என்று கையில் எது வந்தாலும் செய்கிற பழக்கத்தில், நாக்கு நுனியில் வைத்தாள்.

அது நாக்கைப் பிடித்துக்கொண்டது.

பிடித்த பிடியை விடவில்லை. அவள் அப்படியே நின்றாள். ஓம எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் எச்சிலும் மாதக்கணக்கில் ஊறிய மண் நாக்கைப் பிடிக்காது. பிடிக்கவே முடியாது. இது வாயையே பார்க்காத மண். மெல்லப் பிடுங்கி எடுத்தபோது நாக்கு நுனி எரிந்தது. பழுப்பு நிறத்தை முகர்ந்தாள். டீத்தூள் வாசனை.

பட்டுப் புடவையோடு வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். சாமிதுரை மட்டும் இருந்தான். கொளஞ்சிநாதனின் கைக்கு அடுத்த கை. சூளையில் அகல் விளக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான்.

"அண்ணி, மண்டபத்துக்குப் போவலியா? நான் குளிச்சிட்டு வந்துடுறேன்."

அவள் குழலை நீட்டினாள். "இத நாக்குல வையி சாமிதுரை."

சூளைக்காரனுக்கு அதற்குமேல் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வைத்தான். பிடித்தது. அவன் முகம் செத்துப் போயிற்று. குழலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"மொதக் கொழலு எப்பவோ தொலஞ்சு போச்சு. அண்ணங்கிட்ட அப்பவே சொன்னேன் அண்ணி. டீத்தூள்ல வேக வச்சா நெறந்தான் வரும்னு."

"நீ?"

அவன் காக்கிச் சட்டையின் பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் கையால் மறைத்தான்.

"மத்தவங்க?"

"நல்லாத்தான் இருந்துது அண்ணி, மொத ரெண்டு வாரம். அப்புறம் முடியல. நீங்க ஒவ்வொருத்தன் வூட்டுக்கும் வந்து புள்ளைங்களப் பாத்துட்டுப் போறீங்க. உங்ககிட்ட எப்பிடிச் சொல்றது? அண்ணன் கேட்டாரு, குடிக்கலன்னு எழுதிக்கவான்னு. எழுதிக்கங்கன்னுட்டோம்." கொஞ்சம் நிறுத்தி, ஆறுதல் சொல்வது போலச் சொன்னான்: "திருமால் மட்டும் நெசமாவே வுட்டுட்டான். அவன் பொண்டாட்டி பீடிய வுட்டாத்தான் வருவேன்னு ஆத்தா வூட்டுக்குப் போயிட்டா. அதனால."

அவள் அழவில்லை. வண்டியைக் கிளப்பினாள்.

மண்டபத்தில் கொளஞ்சிநாதன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை போல நின்றான். பந்திக் கூடத்தில் யாரும் இல்லாத மூலைக்குக் கூட்டிப் போய்க் குழலை மேசைமேல் வைத்தாள்.

"நாக்குல வச்சுப் பாத்தேங்க."

அவன் குழலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இருபது வருஷத்துக்கும் முன்னால் அதே நாக்கைப் பார்த்துச் சிரித்தவன், அதை எப்படி மறந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை போலிருந்தது.

"மொத மாசம் நெசமா வுட்டேன் நீலா. அந்தச் சூளை லோடு முழுக்க வெடிச்சுப் போச்சுல்ல, அன்னிக்கு ஒண்ணே ஒண்ணு பத்த வச்சேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லத்தான் வந்தேன். நீ டாக்டர்கிட்ட போன்ல பேசிக்கிட்டிருந்த. எங்க வூட்டுக்காரரு ஒண்ணுகூடத் தொடல சார்னு. உன் மொகம் அப்பிடி இருந்து நான் பாத்ததே இல்ல. எப்பிடிச் சொல்லுவேன்?"

"கம்மாபுரத்துல ஒருத்தன் மாத்திரைய வுட்டுட்டு இத நம்பி வாயில வைப்பான். அவன் பொண்டாட்டியும் என்ன மாதிரியே நம்பிக்கிட்டிருப்பா. அவன் செத்தா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "எல்லாரும் வந்துட்டாங்க. இன்னிக்கு ஒரு நாள் போவட்டும் நீலா. நாளையிலேருந்து நெசமாவே..."

அந்த வார்த்தைகள் அவளுக்குத் தெரிந்தவை. கொளஞ்சியப்பர் சன்னிதியில் மஞ்சள் ஈரம் காயாத தாலியோடு நின்று கேட்டவை. அன்றைக்கு இனித்தன.

மேடையில் அவள் பேசியது கொஞ்ச நேரம்தான். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இந்தக் குழல் வேலை செய்யுமா செய்யாதா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று நான் எழுதிக் கொடுத்தது தவறு. சோதனை செய்த முறை சரியில்லை. அந்தத் தவறு என்னுடையது. தயவுசெய்து யாரும் இதை இப்போது வாங்க வேண்டாம்." புருஷன் பெயரைச் சொல்லவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தன் பெயர் வரும் என்று காத்திருந்து, வராமல் போகப் போகக் குனிந்துகொண்டே போனான். கம்பெனிக்காரர்கள் எழுந்து போனார்கள். பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "சாப்பாடு இருக்குதுல்ல?" என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது.

டாக்டர் ஆனந்தராஜ் காரில் ஏறும் முன், "பெண்ணாடம் போலாம்னு நான் சொன்னேனேம்மா" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

வீட்டில், விழாவுக்கு நேரத்தில் வந்து சேர முடியாமல் போன இனியா சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். விஷயம் அதற்குள் அவளுக்கு வந்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா மேல ரொம்ப கோவப்படாதம்மா. அவரு தெனமும் தவிச்சிக்கிட்டுத்தான் இருந்தாரு."

நீலாவதி கையை மெல்ல உருவிக்கொண்டாள். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

இனியாவின் கண்கள் நிறைந்தன. "லீவுல வந்தப்ப பட்டறையில பாத்துட்டேன். சொல்லாதன்னு கையப் புடிச்சிக்கிட்டாரு. பீடி வாசன தெரியாம மெல்லறதுக்குக் கிராம்பு நான்தாம்மா வாங்கிக் குடுப்பேன். நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தம்மா. அதக் கெடுக்க வேணாம்னு..."

ஊர் முழுக்கச் சேர்ந்து தன் சந்தோஷத்தைக் கைக்குழந்தை போலப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பகைவன் ஒருவன்கூட இல்லை. அத்தனை பேரும் அவள்மேல் பிரியம் வைத்தவர்கள். பிரியத்தாலேயே அவளைக் கைவிட்டவர்கள். யாரைச் சபிப்பது? சாப்பிடாமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊர் அவளைத்தான் பேசியது. குடும்பம் நடத்தத் தெரியாதவள், புருஷன் தலையை மேடையிலேயே குனிய வைத்தவள் என்றார்கள். பேச்சு ஓய்ந்த பிறகு அவள் டாக்டரிடம் போய், அந்த மெஷினை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டாள். பெண்ணாடத்தில் கரும்பு லோடு ஏற்றி வரிசையில் காத்துக் கிடக்கும் டிராக்டர் டிரைவர்களிடம் குழலைக் கொடுத்தாள். அவர்களுடைய வீட்டுக்கு அவள் போகவில்லை, பிள்ளைகளின் பெயரைக் கேட்கவில்லை. முதல் வாரமே ஒருவன் குழலைத் திருப்பிக் கொடுத்தான்.

"நல்லால்ல மேடம். கைக்கொழந்த ஓமத்தண்ணி குடிச்சாப்புல ஏப்பமா வருது. நான் பீடிக்கே போயிட்டேன்."

நீலாவதிக்கு அவன் கையைப் பிடித்து நன்றி சொல்லத் தோன்றியது. இவ்வளவு எளிதில் ஒருவன் தன்னிடம் உண்மை சொல்ல, அவன் அந்நியனாக இருக்க வேண்டியிருந்தது.

எண்ணெயின் அளவை மாற்றினாள். வாரா வாரம் கருவியில் ஊதச் சொன்னாள். பலர் விடவில்லை. சிலர் விட்டார்கள். எத்தனை பேர் விடவில்லை என்பதையே முதல் வரியாக எழுதினாள். அந்தச் சிலருடைய மூச்சு கருவியில் சுத்தமாக வந்தபோதும் அவளுக்கு அழுகை வரவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னும் போய் நிற்கவில்லை.

ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சோறு வடிக்கிறாள், பரிமாறுகிறாள். "என்னங்க" என்று கூப்பிடுவது மட்டும் நின்றுவிட்டது. கொளஞ்சிநாதன் இருமும்போது பக்கத்து அறையில் அவள் கை வேலையை நிறுத்தும். இருமல் அடங்கியதும் மறுபடி ஓடும்.

போன மாசி மகத்துக்கு மறுநாள் காலை, அவள் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் எதிரே வந்து நின்றான். இளைத்திருந்தான். உள்ளங்கையில் ஒரு குழல். நுனி கறுத்து எண்ணெய் மினுங்கியது.

"பொங்கலுக்கு முன்னாடியே ஆரம்பிச்சேன் நீலா. ஒங்கிட்ட சொல்லல. இப்ப நெசமாவே வுட்டுட்டேன்." குழலை நீட்டினான். "நாக்குல வச்சுப் பாரு."

அவள் குழலை வாங்கினாள். விரலில் வழுக்கியது. கிராம்பு மணத்தது. மண் என்று கையில் எது வந்தாலும் தானாக மேலே போகும் கை அது. பாதி தூரம் போயிற்று. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தான். ஆஸ்பத்திரியில் அப்பா கதவைப் பார்த்த மாதிரி.

கை அங்கேயே நின்றது.

அவள் குழலை ஜன்னல் விளிம்பில், உருண்டுவிடாமல் சுவரோரமாக வைத்தாள். தோள்பையைத் திறந்து டாக்டர் வாங்கித் தந்த மெஷினை எடுத்தாள்.

"பட்டறைக்கு ரெண்டு நாள் போவாதீங்க. சூளைப் பொகை உடம்புல இருந்தா சரியாக் காட்டாது" என்றாள். "அப்புறமா ஊதுங்க."

கொளஞ்சிநாதன் தலையாட்டினான். அவள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவன் குழலை எடுத்துத் தன் நாக்கு நுனியில் வைத்தான். அது பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு உள்ளங்கையிலேயே விழுந்தது. பார்க்க அங்கே யாரும் இல்லை.